தொண்ணூறு மதிப்பெண்ணுக்குப் பின் வரும் பயம்

கணக்கில் 40 மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவை எடுக்கப் பயந்தால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 91 வாங்கிய பிள்ளை பயந்தால்? "தொண்ணூறுக்கு மேல வாங்கிட்டு என்னடி பயம் வேண்டியிருக்கு உனக்கு?" என்று ஒரே அதட்டலில் வாயை அடைத்துவிடுகிறோம். மாமா, சித்தி, டியூஷன் சார் என்று ஆளாளுக்குத் தைரியம் சொல்லி முடிப்பதற்குள் ஃபர்ஸ்ட் குரூப் விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டாகிவிடும்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது பிள்ளையின் பயத்துக்குத்தான் முதலில் காது கொடுக்க வேண்டும். அந்த 91 எப்படி வந்தது என்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

எப்படி வந்தது? மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 இருக்கும், 10 எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் 14-க்கு 10தான். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். வடிவியலும் கிராஃபும் 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. அதன்மேல் இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று சரியாகப் போட்டால் 36, பாஸ். இது ரகசியம் ஒன்றும் இல்லை. பொங்கல் கழிந்ததும் மாலைச் சிறப்பு வகுப்பில் 'ஸ்லோ லேர்னர்' என்று பிரித்து உட்காரவைக்கப்படும் பிள்ளைகளுக்கு இந்த வழியைத்தான் காட்டுகிறார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமையாசிரியர் மேலதிகாரிகள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் இதே கதைதான், கொஞ்சம் உயர்தரம். பயிற்சிக் கணக்குகளை எண்கூட மாறாமல் நான்கைந்து முறை போட்டுப் பார்ப்பது, 'இம்பார்ட்டன்ட்' கணக்குகளுக்குக் கைடில் நட்சத்திரக் குறி போட்டுவைப்பது, ஒத்துவராத அத்தியாயத்தை 'சாய்ஸில்' கைகழுவிவிடுவது. மொத்தம் எட்டு அத்தியாயம். ஒன்றை விட்டாலும் மதிப்பெண்ணில் பெரிய சேதாரம் இருக்காது. நான் பார்த்தவரை அப்படி விடப்படுவது இயற்கணிதம், அல்லது முக்கோணவியல். பிளஸ் ஒன்னில் முதல் வேலையாக வந்து நிற்பவையும் அவைதாம்.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தேர்வு முடிவுகளே சாட்சி. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். 2025-இல் அது 2 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே பாடநூல், அதே பள்ளிகள். ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கணித அறிவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுமா என்ன? கேள்வித்தாள் மாறியது, அவ்வளவுதான். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் 'உனக்குக் கணக்கு வரும், உனக்கு வராது' என்று 15 வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

சரி, ஜூன் பிறக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூல் இரண்டு தொகுதி, 12 அத்தியாயம். கணங்களில் தொடங்கி நுண்கணிதம் வழியாக நிகழ்தகவு வரை போகிறது. நல்ல நூல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முந்தையதைவிட ஆழமானது, அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. ஆனால் பத்தாம் வகுப்பை 'சாய்ஸில்' தாண்டி வந்தவளுக்காக அது ஓர் இடத்திலும் நிற்பதில்லை.

முக்கோணவியலையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் சைன் என்றால் செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைப்பது. கோபுர உச்சியின் ஏற்றக்கோணம், கலங்கரை விளக்கத்திலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணம், எல்லாமே 90 பாகைக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்தால் சைன் 120 வருகிறது, சைன் மைனஸ் 30 வருகிறது, பாகை போய் ரேடியன் வருகிறது. "செங்கோண முக்கோணத்துக்குள்ள 120 டிகிரி எப்படி சார் வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது என்று பொருள். மூன்று கோணமும் சேர்ந்து 180. அதில் ஒன்று 90 என்றால், மிச்சம் இரண்டுக்கும் சேர்த்தே 90தான். 120-க்கு அங்கே இடமே இல்லை.

விஷயம் என்னவென்றால், சைனின் வரையறையே மாறிவிட்டது. முக்கோணத்தை விட்டு வெளியே வந்து, ஆரம் 1 உள்ள ஒரு வட்டத்தின்மேல் சுற்றி வரும் புள்ளியின் உயரமாக அது ஆகிவிட்டது. புள்ளி மேலே இருந்தால் மிகை, கீழே போனால் குறை. கரும்பலகையில் வட்டம் போட்டு, புள்ளியை நகர்த்தி நகர்த்திக் காட்ட ஒரு முழு பீரியட் ஆகும். 0 முதல் 90 வரை புள்ளி ஏறும்போது பழைய செங்கோண முக்கோணம் அந்த வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைக் காட்டிவிட்டால் போதும். பத்தாம் வகுப்பில் படித்தது பொய்யில்லை, சின்னது என்பது புரிந்துவிடும். அந்த ஒரு பீரியட்தான் கிடைப்பதில்லை. எந்தக் காற்பகுதியில் எது மிகை என்பதற்கு 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' என்று ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போகிறோம். கேள்வி கேட்ட பிள்ளை மறுபடி கேட்பதில்லை. தன் மண்டையில்தான் ஏறவில்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறது.

இன்னோர் இடம், ஒன்பதாம் அத்தியாயம். நுண்கணிதம் தொடங்கும் 'எல்லை' என்ற பாடம். பேரைக் கேட்டாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து, அதை எக்ஸ் மைனஸ் 3-ஆல் வகுக்கிறோம். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது விடை எதை நெருங்கும்? நேராக 3-ஐப் போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். 2.9 போட்டுப் பாருங்கள், 5.9 வரும். 2.99 போட்டால் 5.99. அந்தப் பக்கமிருந்து 3.01 போட்டால் 6.01. கால்குலேட்டரைத் தட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் '6' என்று சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் எல்லை என்ற கருத்து இவ்வளவுதான். இதைத் தாளில் நிறுவிக் காட்ட, எக்ஸ் வர்க்கம் மைனஸ் 9-ஐ, எக்ஸ் பிளஸ் 3, எக்ஸ் மைனஸ் 3 என்று இரண்டு காரணிகளாக உடைக்கத் தெரிய வேண்டும். அது நடுநிலைப் பள்ளிப் பாடம். பிள்ளை தடுக்கி விழுவது அங்கேதான். பழி விழுவது நுண்கணிதத்தின்மேல்.

பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதிவிடுவது. (3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49; தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. ஒரே ஒரு முறை எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் ஆயுளுக்கும் வராத தப்பு.) பின்னங்களைக் கூட்டும்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது. அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் இருந்தால் உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றுவது. வகையிடல் சரியாகச் செய்த பிள்ளை, அதற்கடுத்த வரியில் இப்படி ஒரு தப்பால் ஐந்து மதிப்பெண்ணில் மூன்றைக் கோட்டைவிடுகிறது.

அதனால்தான், "எனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்வேன். வருமா, வராதா என்று ஜோசியம் சொல்ல யாராலும் முடியாது. "நான் எங்கே விட்டேன்?" என்றால் பதில் உண்டு. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதப் பாடத்தைத் திறந்து, கைடைத் தொடாமல் பத்துக் கணக்கு போட்டுப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தெரிந்துவிடும். அது பழைய பாக்கி. அடைத்துவிடலாம்.

எல்லாப் பாடத்திலும் பாக்கி இருக்கும்தான். ஆனால் வரலாற்றில் சோழர் பாடத்தை விட்ட பிள்ளை விஜயநகரத்தைப் படித்துவிடலாம். கணக்கில் அது நடக்காது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காக, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு இதைத் தெளிவாகவே எடுத்துச் சொன்னது. நம் பள்ளிக் கணிதம் ஒல்லியாக, உயரமாக வளர்ந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் தவறியவர் அதற்கு மேல் ஏறவே முடியாது. அதை அகலப்படுத்த வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரம். பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றி இருக்கும் பயத்தையும் தோல்வி மனப்பான்மையையும் முதல் சிக்கலாகக் குறித்ததும் அதே அறிக்கைதான். இருபது ஆண்டுகளாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். அகலப்படுத்திய பாடில்லை.

அகலப்படுத்தாதது போதாதென்று, 'கணக்கு மூளை' என்ற ஒன்றை வேறு கட்டிவைத்திருக்கிறோம். 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாள். பள்ளிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையைச் சொல்லுவோம். கேட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை என்ன நினைக்கும்? இது சாமி பார்த்துச் சிலருக்கு மட்டும் கொடுப்பது, நம் வீட்டுப் பக்கம் வரவில்லை என்றுதானே? கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவர், கார் என்பவர் தொகுத்த தடித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, நிரூபணம் இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளைச் சிலேட்டில் ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்த உழைப்பு அந்தக் கூட்டத்தில் பேச்சுக்கே வருவதில்லை.

ராமானுஜனைச் சரியான முறையில் கொண்டாடிய ஒருவர் நம்மிடையே இருந்தார். முத்தியால்பேட்டைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர், 2005-இல் மறைந்தார். தினமும் கண்ணில் படும் நாள்காட்டியை வைத்தே எண் விளையாட்டுப் புத்தகம் எழுதியவர் அவர். நீங்களும் செய்து பாருங்களேன்: மாதக் காலண்டரில் சதுரமாக அமைந்த எந்த நான்கு தேதிகளை வேண்டுமானாலும் எடுங்கள். மேலே 9, 10. கீழே 16, 17 என்று வைத்துக்கொள்வோம். குறுக்காகப் பெருக்கினால் ஒரு பக்கம் 160, மறுபக்கம் 153. வித்தியாசம் 7. வேறு எந்த நான்கை எடுத்தாலும் 7தான். ஏன் எப்போதும் 7 என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அங்கே இயற்கணிதம் தொடங்கிவிட்டது. முதல் தேதியை எக்ஸ் என்று வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

குரூப் எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகளைப் பிரிப்பது புதிதில்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் 'காம்போசிட் மேத்ஸ்', 'ஜெனரல் மேத்ஸ்' என்று பிரித்தார்கள்; 1978-இல் பிளஸ் டூ வந்தபின் அது குரூப் ஆனது. இன்றைக்கு நடப்பதில் இரண்டு கூத்து. ஒன்று, 'எதற்கும் இருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸ் எடுக்கவைப்பது. டாக்டர் ஆகாவிட்டால் இன்ஜினீயர் என்ற அப்பாக்களின் காப்பீட்டுத் திட்டம் அது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் சுமந்துகொண்டு, கூடவே நீட் வகுப்புக்கும் ஓடும் பிள்ளைக்கு முக்கோணவியல் வட்டத்தை நின்று நிதானமாகப் பார்க்க நேரம் ஏது? நீட்டில் கணக்கு கிடையாது. டாக்டர்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

மற்றது, பயந்து ஓடுவது. கணக்கே வேண்டாம் என்று வணிகவியல் பக்கம் போய், அங்கே வணிகக் கணிதத்தை எடுத்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்ததும் திகைத்துப்போகிறார்கள். அணிகள், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் அங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. பாக்கியோடு ஓடினால் பாக்கியும் கூடவே வரும். வக்கீலாக வேண்டும், வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கணக்கை விடுவது வேறு. அதற்கு என் முழு ஆசீர்வாதம். பயத்தால் மட்டும் விடுகிற பிள்ளை பொறியியல், இயற்பியல், புள்ளியியல் என்று பல கதவுகளைப் பதினைந்து வயதில் தானே சாத்திக்கொள்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு 2007-இலேயே போய்விட்டது. 200 மதிப்பெண் கட்-ஆஃபில் பாதி, அதாவது 100, பிளஸ் டூ கணக்கு.

பக்கத்து பெஞ்சு தரும் பயத்தையும் சொல்லியாக வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிகளில் சில பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்தே 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' போய், வகையிடலை முன்பே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் விடை வரும். புதிதாகக் கேட்கும் பிள்ளை அதைப் புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொள்கிறது. அது மூன்று வருட முன்னோட்டம், வேறொன்றும் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பிளஸ் ஒன்னுக்கு வரும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை.

இப்போது நல்ல வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது; வழக்கம்போலக் கெடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18-இல் கொண்டுவரப்பட்டதற்குக் காரணமே, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு அந்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கியதுதான். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு ரத்தாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு என்ற கொடுமை ஒழிந்தது என்ற அளவில் நான் வரவேற்கிறேன். ஆனால் பழைய பழக்கம் திரும்பினால், இந்தக் கட்டுரையில் சொன்ன வட்டமும் எல்லையும் வகுப்பறைக்கே வராது. நுண்கணிதத்தின் அடிப்படை முழுவதும் பதினொன்றில் இருக்கிறது. பன்னிரண்டு அதன் பயன்பாடு. தேர்வில்லாத இந்த ஆண்டைப் பாக்கி அடைக்கும் ஆண்டாக மாற்றுவதா, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தவணையாக மாற்றுவதா என்பதை நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை கண்காணிக்க வேண்டும்.

துறைக்கு இன்னும் இரண்டு விஷயம். கொரோனா ஊரடங்குக்குப் பின் 2021-இல், விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டப் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகங்களை வகுப்புவாரியாகத் தயாரித்துக் கொடுத்தார்கள். அதே மாதிரி, பிளஸ் ஒன் கணிதத்துக்கென்று மூன்று வாரக் கட்டகம் ஒன்றை ஜூன் மாதத்தில் நிரந்தரமாக வைக்கலாம். தயாரிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் அரசிடமே இருக்கிறார்கள். அடுத்து, காலாண்டுத் தேர்வு வரை குரூப் மாறிக்கொள்ளத் தடையில்லாத அனுமதி வேண்டும். மே மாத அவசரத்தில் எடுத்த முடிவை இரண்டு ஆண்டு சுமக்கவைப்பது நியாயமில்லை. இடமில்லை, பதிவேடு அனுப்பியாகிவிட்டது என்ற பதில்களைக் கேட்டுக் கேட்டுப் பெற்றோருக்கு அலுத்துவிட்டது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் முதல் அத்தியாயத்தைத் தொடங்கும் முன், எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குகள் இருபதைக் கொடுத்து, பெயர் எழுதாத தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். எந்தக் கணக்கில் பாதி வகுப்பு விட்டிருக்கிறதோ, அதை முதல் வாரத்தில் நடத்துங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.